சந்தனமாரி உசுப்பினாள்

அன்றைக்குச் சந்தனமாரிக்குப் பல்வலி. இல்லாவிட்டால் அவளும் மற்றப் பெண்களோடு சாக்கை விரித்துப் படுத்துத் தூங்கித்தான் போயிருப்பாள்.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், காயலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் பழைய கிட்டங்கிகளில் ஒன்றில் அவளுக்கு வேலை. சுக்கு ஏற்றுமதி செய்கிற கம்பெனி அது. தமிழும் மலையாளமுமாகப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, சுக்கைப் புடைத்து, சொத்தையைத் தள்ளி, பருமன் பார்த்துப் பிரித்துப் போடுவார்கள். சுக்கை வெளுக்கப் பூசின சுண்ணாம்பின் தூசியும் சுக்குத் தூசியும் சேர்ந்து மாலைக்குள் எல்லோருக்கும் புருவம் நரைத்துவிடும். செல்லப்பாவைக் கட்டிக்கொண்டு கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து கொச்சிக்கு வந்த மறு வருஷமே சந்தனமாரி இந்த வேலையில் சேர்ந்துவிட்டாள். செல்லப்பா பஜாரில் கைவண்டி இழுத்தான். பனயப்பள்ளியில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தார்கள். பிள்ளை இல்லை. சந்தனமாரி அதிகம் பேசுகிறவள் அல்ல. சங்கத்தில் சேர்ந்திருந்தாள் என்றால் எல்லோரும் சேர்ந்தார்கள், அதனால். கூட்டம் நடந்தால் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பாதியில் எழுந்து அடுப்பு மூட்டப் போய்விடுவாள்.

எழுபத்து நாலாம் வருஷம், ஆடி மாசத்துக் கர்க்கடக மழை விடாமல் பெய்துகொண்டிருந்த சமயம். வெலிங்டன் தீவுக்கு வரவேண்டிய கப்பல் சொன்ன தேதிக்கு முன்னாலேயே வந்துவிட்டது. அதில் ஏற்ற வேண்டிய சரக்குக்கு இன்னும் மருந்து வைக்கவில்லை. பூச்சி சாக மருந்து வைப்பதென்றால் எப்போதும் சனிக்கிழமை மாலை, ஆட்கள் எல்லோரும் போனபிறகுதான். மூட்டைகளைத் தார்ப்பாயால் மூடி, உள்ளே மாத்திரைகளைப் போட்டு, கதவைச் சாத்தி, இடுக்கெல்லாம் காகிதம் ஒட்டிவிட்டுப் போவார்கள். திங்கட்கிழமை காற்றாடவிட்ட பிறகுதான் பெண்களை உள்ளே விடுவார்கள். அந்த வாரம் அதற்கெல்லாம் பொறுமை இல்லை. புதன்கிழமை மத்தியானம், பெண்கள் கஞ்சி குடிக்கிற நேரத்தில், பக்கத்து அறையில் மருந்தை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டு அறைக்கும் நடுவில் இருந்தது வெறும் பலகைத் தடுப்பு.

கஞ்சி குடித்துவிட்டுப் பெண்கள் காலிச் சாக்குகளின் மேல் சாய்ந்தார்கள். மழைச் சத்தத்தில் வேலைக்குத் திரும்ப மணி அடித்தது சரியாகக் கேட்கவும் இல்லை, கேட்டவர்களுக்கும் எழுந்திருக்கத் தோன்றவில்லை. சந்தனமாரி மட்டும் தூணில் சாய்ந்து, வீங்கின கன்னத்தைக் கையில் ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பல்லில் ஒரு கிராம்பு. அழுகின பூண்டு மாதிரி ஒரு வாடை வந்தபோது, தன் வாயிலிருந்துதான் வருகிறது என்று முதலில் நினைத்தாள். துப்பிவிட்டு வரலாம் என்று எழுந்தவளுக்குத் தலை கிறுகிறுத்தது. தூணைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். வரிசையில் அவளுக்குப் பக்கத்தில் உட்காருகிற பேச்சி தூக்கத்திலேயே குமட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தப் பக்கம் கிடந்தவள் வாயோரம் நுரை.

சந்தனமாரிக்கு அப்போதுதான் விளங்கிற்று.

கத்த முயன்றாள். தாடை திறக்கவில்லை. அதனால் கையாலும் காலாலும்தான் உசுப்பினாள். ஒருத்தியைக் கன்னத்தில் அறைந்தாள், ஒருத்தியை முடியைப் பிடித்து உட்காரவைத்தாள், ஒருத்தியின் விலாவில் மிதித்தாள். எழுந்தவர்கள் கோபத்தோடு எழுந்து, நாலு அடி வைப்பதற்குள் தள்ளாடி, அப்புறம் தாங்களாகவே வாசலைப் பார்த்து ஓடினார்கள். பேச்சி எழுந்திருக்கவே இல்லை. அவளை இரண்டு கையையும் பிடித்துத் தரையோடு இழுத்துக்கொண்டு போய் மழையில் போட்டாள். முகத்தில் மழை விழுந்து, பேச்சி கண்ணைத் திறந்து, குடித்த கஞ்சி அவ்வளவையும் சந்தனமாரியின் மடியிலேயே வாந்தி எடுத்தாள்.

ஒருத்தியும் சாகவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

சூப்பர்வைசர் வர்கீஸ் ஓடி வந்தார். உள்ளே எட்டிப் பார்த்து, இருமிக்கொண்டே பின்வாங்கினார். "கர்த்தாவே!" என்று நெஞ்சில் கை வைத்தார். பெண்களுக்குச் சாயா வரவழைத்தார். நல்ல மனுஷன். அன்று மாலையே ஆபீசுக்கு இங்கிலீஷில் ஒரு ரிப்போர்ட் எழுதிக்கொடுத்தார். ஏதோ கெட்ட வாடை வந்தது என்றும், சந்தனமாரி என்பவள் மற்றப் பெண்களை 'ரவுஸ்' செய்து, அதாவது எழுப்பி, முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள் என்றும் எழுதினார். அவளுக்கு ஒரு நல்ல பெயர் கிடைக்கட்டும் என்று நினைத்துத்தான் பெயரையும் சேர்த்தார். அந்த ரிப்போர்ட்டில் வேறு எந்தப் பெண்ணின் பெயரும் இல்லை.

மறுநாள் பெண்கள் உள்ளே போக மறுத்தார்கள். யாரும் சொல்லி மறுக்கவில்லை. வாசல்படி வரை வந்தார்கள், அந்த வாடை நினைவுக்கு வந்தது, நின்றுவிட்டார்கள். சங்கத் தலைவர் தங்கப்பன் சைக்கிளில் வந்து இறங்கினார். கொடி வந்தது. கோஷம் வந்தது. கம்பெனி கேட்டைப் பூட்டியது. கப்பல் அந்தச் சரக்கை ஏற்றாமலே போய்விட்டது.

சந்தனமாரி அந்த நாட்களில் ஆஸ்பத்திரியில் பல்லைப் பிடுங்கிவிட்டு, வீட்டில் உப்புத் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தாள். கேட்டுப் பக்கமே போகவில்லை. அவள் பேரில்தான் சார்ஜ் ஷீட் வந்தது.

இங்கிலீஷில் வந்த அந்தக் காகிதத்தை அவளுக்கு வாசித்துச் சொன்னவர் கம்பெனி டைப்பிஸ்ட் விஸ்வேஸ்வரன். அவருடைய குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கொச்சியில் இருக்கிற தமிழ்க் குடும்பம். வீட்டில் பேசுவது தமிழ், எழுதிப் பழகினது மலையாளம், ஆபீசில் டைப் அடிப்பது இங்கிலீஷ். பெண்கள் அவரைச் 'சாமி' என்பார்கள்.

"நீ தொழிலாளிகளைத் தூண்டிவிட்டு வேலையை ஸ்தம்பிக்கப் பண்ணினேன்னு இதுல எழுதியிருக்கு" என்றார்.

"நானா?" என்றாள் சந்தனமாரி. "நான் என்னத்தச் சாமி தூண்டுனேன்? எனக்கு வாயே தொறக்கல."

"அதை விசாரணையிலே சொல்லு. நடந்ததை நடந்த மாதிரி சொல்லு. பேடிக்க வேண்டாம், நீ சொல்றதை இங்கிலீஷிலே நான்தான் தர்ஜமா பண்ணப் போறேன்."

அவளுக்கு அது பெரிய தைரியமாக இருந்தது. நடந்ததைச் சொன்னால் போதும்.

விசாரணைக்கு முன்னால் தங்கப்பன் பெண்களை எல்லாம் சங்க ஆபீசுக்குக் கூப்பிட்டு ஒரு விஷயம் சொல்லியிருந்தார். மணி அடித்த பிறகு தூங்குவது கம்பெனிச் சட்டப்படி குற்றம். "உறங்கிக்கொண்டிருந்தோம்" என்று ஒருத்தி சொன்னால்கூட, அதைப் பிடித்துக்கொண்டு அத்தனை பேரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். "யாரும் உறங்கவில்லை. புரிஞ்ஞோ?" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். பல் பிடுங்கின இடத்தில் ரத்தம் கசிந்துகொண்டிருந்ததால் சந்தனமாரி அன்றைக்குப் போகவில்லை.

விசாரணை கம்பெனி மாடியில் நடந்தது. விசாரிக்க வந்தவர் மேனோன் என்று ஒரு ரிட்டையரான வக்கீல். அவருக்கு ஜலதோஷம். கைக்குட்டையில் மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கெட்டவர் என்று சொல்லமுடியாது. கேட்ட கேள்விக்குப் பதில் வேண்டும், அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம், அவ்வளவுதான் அவர்.

முதலில் வர்கீஸைக் கூப்பிட்டார்கள். இந்த ரிப்போர்ட் நீங்கள் எழுதியதா? ஆமாம். எழுதியிருப்பது உண்மையா? உண்மை. "சார், நான் உத்தேசித்தது என்னவென்றால்..." என்று வர்கீஸ் ஆரம்பித்தார். உத்தேசத்தை யாரும் கேட்கவில்லை என்று மேனோன் கையமர்த்தினார். மருந்து வைத்த விவரம் கேட்டார். கம்பெனிப் பதிவில் மருந்து வைத்தது சனிக்கிழமை என்றுதான் இருந்தது. வர்கீஸ் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். அவருக்குப் பிள்ளைகள் நாலு.

அப்புறம் பெண்கள். எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். மணி அடித்ததா? அடித்தது. தூங்கிக்கொண்டிருந்தாயா? இல்லை. பேச்சியின் முறை வந்தது. சந்தனமாரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ தூங்கிண்டிருந்தியா?" என்று விஸ்வேஸ்வரன் கேட்டார்.

"இல்ல."

"சந்தனமாரி என்ன பண்ணினா?"

பேச்சிக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. ஒன்று சொன்னதே அவளுக்கு மூச்சு வாங்கியது. அடுத்ததை உள்ளபடி சொன்னாள். "எக்காதான் வந்து எங்களைய எல்லாம் உசுப்புனா. வெளிய இழுத்துட்டு வந்தா."

கடைசியில் சந்தனமாரி. அவளுக்கு மலையாளம் தெரியும். ஆனாலும் இந்தச் சமாச்சாரத்தைத் தமிழில்தான் சொல்வேன் என்று சொல்லிவிட்டாள். வாய் தவறிவிடக்கூடாது என்ற பயம்.

"எல்லாரும் தூங்கிட்டுக் கெடந்தாளுக சாமி. மருந்து வாட வந்துச்சு. எனக்குப் பல்வலி, நான் மட்டும் முழிச்சிருந்தேன். நாந்தான் ஒவ்வொருத்தியா உசுப்புனேன்."

விஸ்வேஸ்வரன் அதை இங்கிலீஷில் சொன்னார். மேனோன் எழுதவில்லை. பேனாவை மேஜையில் வைத்துவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு நிதானமாகப் பேசினார். சந்தனமாரிக்குப் பேச்சு புரியாவிட்டாலும், அதில் திரும்பத் திரும்ப வந்த ஒரு சத்தம் காதில் விழுந்தது. 'ரவுஸ்' என்று என்னவோ. விஸ்வேஸ்வரன் பதிலுக்கு ஏதோ சொன்னார். மேனோன் தலையை ஆட்டி மறுத்தார். வர்கீஸின் காகிதத்தைத் தூக்கிக் காட்டினார்.

அவர் சொன்னது இதுதான் என்று பிற்பாடு விஸ்வேஸ்வரன் அவளிடம் சொன்னார். தூங்கினார்கள் என்று இவள் ஒருத்திதான் சொல்கிறாள். தூங்கவில்லை என்று மற்ற அத்தனை பேரும் சொல்லியாகிவிட்டது. விழித்துக்கொண்டிருப்பவர்களை யாராவது எழுப்புவார்களா? அதனால் 'தூக்கத்திலிருந்து எழுப்பினாள்' என்ற உங்கள் மொழிபெயர்ப்பு பொருந்தாது. எழுத்தில் இருக்கும் வார்த்தை ரவுஸ். இவள் ரவுஸ் செய்தாளா இல்லையா, அதை மட்டும் கேளுங்கள்.

விஸ்வேஸ்வரன் வர்கீஸின் காகிதத்தை வாங்கி இன்னொரு தரம் வாசித்துப் பார்த்தார்.

"சுவாமி, சோதிக்கூ" என்று கேட்கச் சொல்லி அவசரப்படுத்தினார் மேனோன்.

"சந்தனமாரி," என்றார் அவர், "அவாளை நீ உசுப்பினியா?"

இதைத்தானே இத்தனை நேரம் சொன்னேன் என்று அவளுக்கு இருந்தது. நல்லவேளை, கடைசியில் கேட்கவேண்டியதைக் கேட்டார்கள்.

"ஆமா சாமி," என்று சத்தமாகச் சொன்னாள். "நாந்தான் உசுப்புனேன்."

மேனோன் பேனாவை எடுத்து எழுதினார். அவள் தமிழில் கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்தபோது மனசு லேசாக இருந்தது. வழியில் அரைக் கிலோ கப்பைக் கிழங்கு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

வேலை போய்விட்டது என்ற உத்தரவு வந்த பிறகுதான் விஸ்வேஸ்வரன் அவளைப் படகு ஏறுகிற ஜெட்டிப் பக்கம் கூப்பிட்டு எல்லாவற்றையும் விளக்கினார். டிக்கெட் கொடுக்கிற கூண்டுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றுகொண்டு, யாராவது கம்பெனி ஆள் பார்க்கிறானா என்று பார்த்துப் பார்த்துப் பேசினார்.

"அந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம் உண்டாக்கும். தூங்கறவனை எழுப்பறதும் அதுதான், சும்மா இருக்கறவனைக் கெளப்பிவிடறதும் அதுதான். வர்கீஸ் எழுதினது மொதல் அர்த்தத்திலே. மேனோன் எடுத்துண்டது ரெண்டாவது."

"அப்ப நான் ஆமான்னு சொன்னது?"

"ரெண்டாவதுக்குன்னு ஆயிடுத்து."

சந்தனமாரி காயலைப் பார்த்தாள். ஒரு மோட்டார் போட்டு ஆளை இறக்கிவிட்டுப் புகையைக் கக்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தது.

"நீங்க சொல்லப்படாதா சாமி?"

"சொன்னேன்" என்றார் விஸ்வேஸ்வரன். "என் தர்ஜமா பொருந்தாதுன்னு எனக்கே திருப்பிக் குடுத்தார். அதுக்கு மேலே நான் என்ன பண்ணட்டும், சொல்லு? நானும் அங்கேதானே சம்பளம் வாங்கறேன்." அவள் அவரை மேலே எதுவும் கேட்கவில்லை.

சங்கம் சும்மா இருக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஜார் முனையில் கூட்டம். சந்தனமாரியை மேடையில் ஏற்றி, கழுத்தில் சிவப்பு மாலை போட்டார்கள். நோட்டீஸ் அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். உறங்கிக் கிடந்த தொழிலாளி வர்க்கத்தை உணர்த்திய வீர வனிதை என்று அதில் மலையாளத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. மலையாளத்தில் உணர்த்துவது என்றால் எழுப்புவது. தங்கப்பன் மைக்கில் அதையே நீட்டி முழக்கினார். சந்தனமாரி ஒரு பெண் என்பதை மறந்து, ஒரு சங்கு என்றார், ஒரு விடிவெள்ளி என்றார். மேடைக்குக் கீழே செல்லப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

இறங்கி வரும்போது அவள் தங்கப்பனைத் தனியே பிடித்தாள். "சேட்டா, நான் நெசமாவே தூங்கிட்டிருந்தவளுகளத்தான் உசுப்புனேன்."

"அதுதன்னே!" என்றார் தங்கப்பன் மலர்ந்துபோய். "அதுதன்னே நானும் சொன்னது!"

"அதில்ல சேட்டா. தூக்கம். சாக்குமேல படுத்துத் தூங்குன தூக்கம்."

தங்கப்பன் அவள் தோளில் தட்டிக்கொடுத்தார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, அதை வெளியே சொல்லக்கூடாது, மற்றவர்களுக்குத் தொந்தரவு என்று ஞாபகப்படுத்தினார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவள் மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

ஒரு மாசத்துக்குள் சமரசம் ஆயிற்று. இனி சனிக்கிழமை தவிர வேறு நாளில் மருந்து வைப்பதில்லை என்று கம்பெனி வாயால் ஒத்துக்கொண்டது. பெண்கள் வேலைக்குத் திரும்பினார்கள். சந்தனமாரியின் விஷயத்தை மட்டும் தனியே எடுத்து, கோர்ட்டில் பார்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. கேட் திறந்த அன்றைக்கு அவள் தூக்குச்சட்டியில் கஞ்சி எடுத்துக்கொண்டு, ஒருவேளை கூப்பிடுவார்கள் என்று போய் நின்றாள். பெண்கள் ஒவ்வொருத்தியாக அவள் கையைத் தொட்டுவிட்டு உள்ளே போனார்கள். பேச்சி தொடவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஓட்டமாய் ஓடி உள்ளே போய்விட்டாள்.

அதன்பிறகு சந்தனமாரி தோப்பும்படிப் பக்கம் செம்மீன், அதாவது இறால், உரிக்கிற ஷெட்டுக்குப் போனாள். ஐஸ் தண்ணீரில் கையை விட்டு நாளெல்லாம் செம்மீன் தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, நரம்பை இழுத்துப் போடவேண்டும். ஆறு மாசத்தில் விரல் நகமெல்லாம் வெந்து வெளுத்துவிட்டது. சுக்கு வாடை போக வருஷக்கணக்காகும் என்று நினைத்திருந்தாள். செம்மீன் வாடை அதை ஒரே வாரத்தில் விரட்டிவிட்டது.

எமர்ஜென்சி வந்தது. கூட்டமும் கொடியும் அடங்கிப்போயின. தங்கப்பனைக் கொஞ்சநாள் காணவில்லை. திரும்பி வந்தபோது வேறு பிரச்னைகள், வேறு கம்பெனிகள். அவரைப் பார்க்கப் போனால், "கேஸ் நடக்குதில்லே? நடக்கட்டும்" என்பார். கேஸ் நடக்கத்தான் செய்தது. வாய்தா வாய்தாவாக நடந்தது. ஒவ்வொரு தடவையும் ஷெட்டில் வேலையை விட்டுவிட்டு, போட்டுப் பிடித்து எர்ணாகுளம் போய், வராந்தாவில் உட்கார்ந்து, இன்னொரு தேதி வாங்கிக்கொண்டு வருவாள். வர்கீஸ் துபாய்க்குப் போய்விட்டார். அவர் வந்து ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துவிடும் என்று கேட்பதற்காகக் கோட்டைக் கொச்சியில் அவர் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி நாற்காலி போட்டு உட்காரவைத்து, சாயா கொடுத்து, "அவர் உங்களைப் பற்றிச் சொல்லிச் சொல்லி வருத்தப்படுவார்" என்றாள். லீவு இரண்டு வருஷத்துக்கு ஒருதரம்தான். அவர் லீவில் வந்த சமயம் கோர்ட்டுக்கும் லீவு.

செல்லப்பாவுக்கு முதலில் இருந்த பெருமை மெல்ல மெல்ல வற்றிவிட்டது. வண்டி இழுத்து மூட்டு தேய்ந்துபோய், வீட்டில் உட்கார்ந்திருந்த காலத்தில் ஒருநாள் சொன்னான்: "ஏளா, நீ பாட்டுக்கு எந்திரிச்சு வெளிய வந்திருந்தா என்ன? உன்னைய யாரு மத்தவளுகள உசுப்பச் சொன்னது?"

சந்தனமாரி கோபப்படவில்லை. அவளும் அதை யோசித்துப் பார்த்திருக்கிறாள். எழுந்து, தூணை விட்டு, வாசலுக்குப் போய், மழையில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு... அதற்கு மேல் யோசனை ஓடாது. பேச்சி குமட்டுகிற சத்தம் வந்துவிடும்.

எண்பத்து மூன்றில் ஒருவழியாக வாதம் நடந்தது. அவளுக்காக ஆஜரானவர் பௌலோஸ் என்ற வக்கீல். பெரிய டிக்‌ஷனரி ஒன்றைக் கொண்டுவந்து ஜட்ஜ் முன்னால் விரித்தார். அந்தச் சொல்லுக்கு முதல் அர்த்தம் உறக்கத்திலிருந்து எழுப்புவது என்று விரலை வைத்துக் காட்டினார். ஜட்ஜ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். வாசித்துக்கொண்டே கீழே போனார். கிளர்ச்சி ஊட்டுவது, ஆத்திரமூட்டுவது, புதரில் பதுங்கின மிருகத்தை வெளியே விரட்டுவது என்று ஒவ்வொன்றாகப் படித்து, "இதில் எதை எடுப்பது?" என்று கேட்டார்.

கம்பெனி வக்கீல் அனந்தநாராயணன் எழுந்தார். பாலக்காட்டுக்காரர், தமிழ் தெரிந்தவர். கூண்டில் நின்ற சந்தனமாரியைப் பார்த்து மரியாதையாகக் கேட்டார்.

"இங்கிலீஷ் கிடக்கட்டும் அம்மா. உங்க தமிழ்லே சொல்லுங்கோ. அன்னிக்கு என்ன பண்ணினேள்?"

சந்தனமாரிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் கோர்ட்டு என்று ஒன்றில் அவளிடம் நேரே தமிழில் கேட்ட முதல் ஆள்.

"உசுப்புனேன்யா."

"சரி. ரெண்டு பேர் சண்டை போடறா. பக்கத்திலே ஒருத்தன் நின்னுண்டு, 'விடாதே, அடி'ன்னு ஏத்திவிடறான். அதுக்கு உங்க ஊர்லே என்ன சொல்லுவேள்?"

"உசுப்பிவிடுதான்னு..."

சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டாள். அனந்தநாராயணன் அவளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஜட்ஜ் பக்கம் திரும்பினார். இங்கிலீஷில் மட்டுமல்ல, இந்த அம்மாளின் தாய்மொழியிலும் அதே சொல்தான் என்றார். பிறகு மடித்து வைத்திருந்த சங்கத்து நோட்டீஸை எடுத்துக் கொடுத்தார். தொழிலாளி வர்க்கத்தை உணர்த்திய வீர வனிதை. இவளுடைய சங்கமே ஒத்துக்கொண்ட பிறகு, கம்பெனி சொல்வதில் என்ன தப்பு?

"ஐயா, தூக்கத்துல இருந்து உசுப்புறது வேற, உசுப்பி விடுறது வேற" என்று சந்தனமாரி கூண்டிலிருந்து சொன்னாள். "ஒண்ணு கையால தொடுறது. இன்னொண்ணு வாயால பேசுறது. எனக்கு அன்னிக்கு வாய் தொறக்கலைய்யா." அவள் தாடையைத் தொட்டுக் காட்டினாள். வாயைத் திறந்து பல் இல்லாத இடத்தையும் காட்டினாள். அதைத் தர்ஜமா செய்ய யாரையும் கூப்பிடவில்லை. ஜட்ஜ் அவளைப் பரிவோடு பார்த்து, இறங்கிக்கொள்ளச் சொன்னார்.

தீர்ப்புச் சொல்கிற அன்றைக்கு யாரும் கூப்பிடாமலேயே பேச்சி வந்திருந்தாள். கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு, ஜெட்டியில் இவளுக்கு முன்னாலேயே வந்து நின்றுகொண்டிருந்தாள். இத்தனை வருஷமும் தெருவில் எதிர்ப்பட்டால் தலையைக் குனிந்துகொண்டு போனவள். இரண்டு பேரும் ஒரே போட்டில் ஏறினார்கள், வராந்தாவிலும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

வேலையிலிருந்து நீக்கியது செல்லும் என்று தீர்ப்பு. மேல்கோர்ட்டுக்குப் போகலாம் என்று பௌலோஸ் வக்கீல் படியில் இறங்கிக்கொண்டே சொன்னார். மேல்கோர்ட்டில் தெளிவாகப் பேசலாமாம்.

திரும்பும்போது போட்டில் கூட்டம் இல்லை. எதிர்க்காற்று. வெலிங்டன் தீவு ஓரமாக ஒரு கப்பலில் ஏதோ சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பேச்சி திடீரென்று சொன்னாள்:

"எக்கா, நான் தூங்கிட்டுத்தான் கெடந்தேன்."

"தெரியும்ட்டி. நாந்தானே பாத்தேன்."

"மேக்கோர்ட்டுல வந்து சொல்லுதேன். வேலை போனாப் போகட்டும்."

சந்தனமாரி அவளைப் பார்த்தாள். பேச்சிக்கு இரண்டு பெண்கள், புருஷன் குடிகாரன். அன்றைக்கு மடியில் கிடந்து வாந்தி எடுத்தபோது இந்த முகம் எவ்வளவு சின்னதாக இருந்தது.

"அப்பம் சொன்னதுதான் எழுத்துல இருக்கு. இப்பம் மாத்திச் சொன்னா, எது பொய்னு உன்னையப் பிடிச்சு நிறுத்துவாங்க. எனக்கும் திரும்பக் கெடைக்காது, உனக்கும் போயிரும்."

"அப்ப என்னதான்க்கா செய்யுறது?"

சந்தனமாரி முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டாள். பேச்சி அழ ஆரம்பித்தாள். பக்கத்து பெஞ்சில் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு கிழவி, "எந்தா மோளே, ஆரெங்கிலும் மரிச்சோ?" என்று விசாரித்தாள். யாரும் சாகவில்லை என்று சந்தனமாரிதான் தலையை அசைத்தாள்.

மட்டாஞ்சேரி ஜெட்டியில் இறங்கியதும் பேச்சி பஜார் பக்கம் போனாள். போகும்போது இந்தத் தடவை கையைத் தொட்டாள். சந்தனமாரி வீட்டுக்குப் போகவில்லை. செல்லப்பாவிடம் போய் இப்போதே சொல்லி என்ன ஆகப்போகிறது? பாதி நாள் மிச்சம் இருந்தது. தோப்பும்படிக்கு பஸ் ஏறி ஷெட்டுக்குப் போனாள்.

ஷெட்டை மேற்பார்க்கிற மேரிச் சேச்சி வாசலில் நின்று கூடை எண்ணிக்கொண்டிருந்தாள். "கேஸ் எந்தாயி?" என்று கேட்டாள்.

"தோத்துப்போச்சு."

"அய்யோ" என்றாள் மேரிச் சேச்சி. ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு, "இன்னைக்குக் கரிக்காடிச் செம்மீன் நெறைய வந்திருக்கு. இரி" என்று ஒரு பலகையைத் தள்ளிப் போட்டாள்.

சந்தனமாரி கோர்ட்டுக்குக் கட்டிக்கொண்டு போன சேலையை முழங்காலுக்கு மேல் இழுத்துச் செருகிக்கொண்டு, பலகையில் உட்கார்ந்து, ஐஸ் தண்ணீரில் கையை விட்டாள்.